அளவுக்காரியின் பதினான்கு அடி

என் அக்காவுக்குப் பட்டறையில் அளவுக்காரி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர்களும் கிடையாது. மேஸ்திரி ஒருமுறை அவள் தறியில் டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "அரை அங்குலம் கூட வருதே" என்றார். அக்கா எழுந்திருக்கக்கூட இல்லை. "டேப்ப மாத்துங்க" என்றாள். வேறு டேப் கொண்டுவந்து அளந்தார்கள். பழைய டேப்பின் நுனித் தகரம் கழன்றிருந்தது. அன்றிலிருந்து மேஸ்திரி அந்தப் பக்கம் டேப்போடு போவதில்லை.

நானும் அதே பட்டறைதான். கம்பளம் கழுவுகிறவன். உள்ளே அவர்கள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து முடிச்சுப் போட்டு முடித்ததை, நான் வெளி முற்றத்தில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, மரத்துடுப்பால் தள்ளித் தள்ளி அழுக்கெடுப்பேன். அழகு அவர்களுடையது, அழுக்கு என்னுடையது என்று சொல்லிக்கொள்வேன். சிரிக்க ஆள் இருந்தால் இன்னும் இரண்டு சொல்வேன்.

எங்கள் பட்டறையில் போடுவது திபெத்திய முடிச்சு. பாவு நூலுக்குக் குறுக்கே ஓர் இரும்புக் கம்பியை வைத்துக்கொள்ள வேண்டும். கம்பளி நூலை இரண்டு பாவுக்குப் பின்னால் கொண்டுபோய், கம்பியைச் சுற்றி இழுத்து, அடுத்த இரண்டு பாவுக்கு நகர வேண்டும். ஒரு வரிசை முடிந்ததும் கம்பியின் மேலேயே கத்தியை ஓட்டினால் வளையங்கள் அறுந்து இழைகளாக நிமிர்ந்து நிற்கும். கம்பி தடிமனாக இருந்தால் இழை உயரமாக நிற்கும், மெலிந்திருந்தால் தாழ்ந்து நிற்கும். இவ்வளவுதான் ரகசியம். சொல்லிவிட்டேன், போய்ச் செய்து பாருங்கள்.

பெரிய கம்பளத்துக்கு மூன்று பேர் வரிசையாக உட்காருவார்கள். ஊர் வம்பெல்லாம் அங்கேதான். ரன்னர் அப்படியில்லை. வீட்டு நடைவழியில் போடுகிற கம்பளம், அகலம் இரண்டரை அடி, நீளம் மட்டும் ரயில் மாதிரி போகும். ஒருவர்தான் உட்கார முடியும். அக்கா ரன்னர் மட்டும்தான் செய்வாள். "இன்னொருத்தி கை என் கையோட ஒட்டாது" என்பாள். வாஸ்தவம்தான், ஒருத்தி இறுக்கி இழுப்பாள், பக்கத்தில் இருப்பவள் தளர விடுவாள், பூவின் ஒரு கண் பெரிதாகிவிடும். ஆனால் அக்கா விஷயத்தில் இன்னொரு காரணமும் உண்டு. அவளோடு யாராலும் ஒரு நாளைக்கு மேல் உட்கார முடியாது.

மாமா ஒருவரால்தான் முடிந்தது. மாமா பட்டறையின் கத்தரிக்காரர். முடிச்சு முடிந்த கம்பளத்தின் மேல் குனிந்து, ஒவ்வொரு பூவைச் சுற்றியும், ஒவ்வொரு இலையைச் சுற்றியும் வளைந்த கத்தரியால் பள்ளம் வெட்டி எடுப்பார். அதற்குப் பிறகுதான் பூ மேலெழுந்து நிற்கும். கைதவறி ஒரு கத்தரிப்பு அதிகமானால் ஐந்து மாத உழைப்பு போச்சு. இருபத்திரண்டு வருடத்தில் அவர் கை தவறவில்லை. அக்கா தன் ரன்னரை வேறு கத்தரிக்காரரிடம் கொடுத்ததே இல்லை. கல்யாணம் செய்துகொண்டது அதற்காகத்தான் என்று நான் கேலி செய்வேன். "பின்ன, உன் மாமா மூஞ்சிக்காகவா?" என்பாள். மாமாதான் முதலில் சிரிப்பார்.

பிறகு சர்க்கரை வந்தது. வந்தது எப்போது என்று தெரியாது, தெரிந்தது ஒரு பறவையின் வாலில். மாமா அந்த வாலின் ஓரத்தை வெட்டும்போது வாலையே வெட்டிவிட்டார். அடுத்த வாரம் இன்னொரு கம்பளத்தில் இரண்டு இலை போயிற்று. மாமா கத்தரியைத் துணியில் சுற்றி மேஜை மேல் வைத்துவிட்டு, "எனக்கு வெளிச்சம் பத்தல" என்று வீட்டுக்கு வந்துவிட்டார். கண் டாக்டர் ஊசி போட்டார், லேசர் வைத்தார். எட்டு மாதம் போனோம், வந்தோம். கடைசியில் அவர், போனது போனதுதான் என்று கையை விரித்துவிட்டார். மாமாவுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது.

பார்வை போனதைக்கூட மாமா பொறுத்துக்கொண்டார். கையைப் பிடித்து அழைத்துப்போவதை மட்டும் அவரால் பொறுக்க முடியவில்லை. அதுவும் பாத்ரூமுக்கு.

வீடு அப்படி. பதினான்கு அடி நடைவழி. ஒரு கோடியில் படுக்கை அறை, மறு கோடியில் வாசல். இடது பக்கம் நான்கு கதவுகள், அதில் மூன்றாவது பாத்ரூம். வலது பக்கம் முழுவதும் அலமாரி, தண்ணீர்க் குடம், செருப்பு ஸ்டாண்டு. இடது சுவரைத் தடவிக்கொண்டு போனால் திறந்த கதவு வருகிற இடத்தில் கை வெறும் காற்றில் விழும், ஆளும் கூடவே விழுவார். ஒருமுறை சமையலறைக்குள் விழுந்து நெற்றியில் நான்கு தையல். அக்காவும் நானும் வேலைக்குப் போனபின் பக்கத்து வீட்டு அம்மா வந்து கையைப் பிடித்து அழைத்துப்போவார்கள். மாமா அதைத் தவிர்க்கத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். சர்க்கரைக்காரர் தண்ணீரைக் குறைத்தால் என்னாகும் என்று டாக்டர் கத்தினார். மாமா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைவழி நெடுக ஒரு கயிற்றைக் கட்டிக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டு போனால் வாசல் வரை போகலாம். மாமா தொட்டுப் பார்த்தார்.

"என்ன மாப்ளே இது?"

"கயிறு மாமா. புடிச்சுக்கிட்டே போங்க."

"மாட்டுக்குக் கட்டினா கழுத்துல கட்டுவாங்க. எனக்குக் கையிலயா?" என்று ஒரே இழுப்பில் ஆணியோடு பிடுங்கிப் போட்டார். சுவரில் காரை பெயர்ந்தது. எனக்குக் கோபம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அன்றைக்குத்தான் அக்கா சொன்னாள். "சுவரு வேணாம், கயிறு வேணாம். தரை போதும்."

அவள் யோசனை இது. ஒரு ரன்னர். நடுவில் ஓர் அடி அகலத்துக்கு இழை தாழ்வாக இருக்கும், இரண்டு ஓரமும் உயரமாக இருக்கும். வெறுங்காலோடு நடந்தால் பாதமே சொல்லிவிடும், எது நடு, எது ஓரம் என்று. பாத்ரூம் கதவுக்கு எதிரே ஒரு பட்டை மட்டும் வளையங்களை அறுக்காமல் விட்டுவிடுவாள். வளையம் அறுக்காவிட்டால் மணி மணியாகத் தட்டுப்படும். வாசலுக்கு இரண்டு பட்டை. யார் கையும் வேண்டாம்.

டிசைன் மாஸ்டர் கேட்டுவிட்டு, "ஒரே வரிசைல ரெண்டு உயரமா? மொத்தமும் உயரமா போட்டுட்டு நடுவுல கத்தரிச்சுடுங்களேன்" என்றார். "கத்தரிச்சா சரிவு வரும். எனக்குப் படி வேணும்" என்றாள் அக்கா. "அதோட, கத்தரிக்க ஆளு?" ஒரே வரிசையில் மூன்று துண்டுக் கம்பி. தடி, மெல்லிசு, தடி. அப்படி யாரும் எங்கள் பட்டறையில் செய்ததில்லை. முதலாளி மூலையில் கிடந்த குறுகலான தறியையும், ஆர்டர் முடிந்து மிஞ்சின நூல் உருண்டைகளையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆறேழு விதச் சிவப்பு, நாலு விதச் சாம்பல். நான், "பாக்கவா போறார், எதையாவது போடு" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "உயரம் அவருக்கு. கலர் எனக்கு" என்று சொல்லிவிட்டு உருண்டைகளை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ஒரு மணி நேரம் பிரித்தாள்.

முதலில் மாதிரித் துண்டுகள். ஒரு சாண் சதுரத்தில் மூன்று செய்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பறவை வாலுக்குப் பிறகு அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக மடியில் வாங்கி உள்ளங்கையை ஓட்டினார்.

"இது வித்தியாசம் பத்தாது. இது... ம், இது பரவால்ல. நடுவுல இன்னும் ஒரு நூல் தாழ்த்து."

"ஒரு நூலா, அரை நூலா?" அளவில் நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

"ஒரு நூல். என் கைய நம்பு."

நம்பினோம். கம்பளத் தொழிலில் எல்லாமே கைதான். வாங்க வருகிறவர் கையை வைத்துப் பார்ப்பார். மேஸ்திரி பார்ப்பதும் கையால், நான் ஈரம் பார்ப்பதும் கையால். எங்கள் பட்டறையில் கம்பளத்தின் மேல் காலை வைக்க விடமாட்டார்கள். தரையில் விரித்திருந்தால் முதலாளியே சுற்றிக்கொண்டுதான் போவார். அதன் மேல் ஏறுகிறவன் நான் ஒருவன்தான், அதுவும் ரப்பர் பூட்ஸோடு. ஊரெல்லாம் நடக்கிறதற்காகச் செய்கிறோம், எங்களில் ஒருத்தருக்கும் அதன் மேல் வெறுங்காலில் நடந்து பழக்கமில்லை.

அன்றைக்கு மாமா மூன்றாவது துண்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அது கை நழுவி விழுந்தது. அவர் குனிந்து நாற்காலியைச் சுற்றித் தரையைத் தடவினார். "எங்க போச்சு? இங்கதானே விழுந்துச்சு?" துண்டு அவருடைய வலது பாதத்தின் மேலேயே கிடந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "உங்க கால் மேலதான் மாமா! கண்ணாடியத் தலைல வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடின கதையா இருக்கு." மாமாவும் சிரித்தார். அக்காவும் சிரித்தாள், துண்டை எடுத்துத் தூசி தட்டினாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் வாயில் நானே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

வேலை தொடங்கியது. காலையில் பட்டறைச் சங்கு ஊதுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், மதியம் சாப்பாட்டு வேளையில் ஒரு மணி நேரம். மற்றவர்கள் டப்பாவைத் திறக்கும்போது அக்கா மூலையில் சீப்புச் சம்மட்டியால் ஊடையை அடித்துக்கொண்டிருப்பாள். நாளுக்கு ஓர் அங்குலம். அதற்கு மேல் எப்படிச் செய்தாலும் வராது.

மாமா தினமும் மாலையில் கதவுச் சத்தம் கேட்டதும் கேட்பார். "எவ்வளவு?"

"நாப்பத்தி ஒண்ணு."

"சமையல்கட்டு தாண்டிட்டியா?"

"அடுத்த வாரம் தாண்டிடுவேன்."

யாரோ தூரத்தில் பஸ் ஏறி வந்துகொண்டிருப்பதைப் போல இருவரும் பேசிக்கொள்வார்கள். எண்பத்தி ஏழில் பாத்ரூம் வந்தது. அன்று அக்கா கத்தியை ஓட்டாமல் ஒரு கை அகலத்துக்கு வளையங்களை அப்படியே விட்டாள். மாமா கட்டிலில் உட்கார்ந்தபடியே மனதுக்குள் நடந்து பார்ப்பார். "ஏழடி தாண்டினா பட்டை. இடது பக்கம் திரும்பணும். கைப்பிடி இடுப்பு உயரத்துல." பக்கத்து வீட்டு அம்மாவிடம், "இன்னும் மூணு மாசம்தாம்மா, அப்புறம் உங்களுக்கு விடுதலை" என்று சொன்னாராம். அவர்களே என்னிடம் சொல்லிச் சிரித்தார்கள். தண்ணீர் மட்டும் அப்போதும் அரை டம்ளர்தான்.

நடுவில் ஒருநாள் நான் மாமாவை முடிவெட்ட அழைத்துப்போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஒரு காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றதோ, வெயிலில் கொதிக்கும் தார் ரோட்டில் அந்தக் காலோடு அவர் நடந்து வந்திருக்கிறார். "சொல்லக் கூடாதா மாமா?" என்றேன். "கழண்டுச்சா?" என்றார். நான் செருப்பைத் தேடிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். காலைப் பார்க்கவில்லை. செருப்பு கிடைத்துவிட்டது, எனக்கு அதில் ஒரு பெருமை வேறு.

ஆறு மாதம் கழித்துத் தறியிலிருந்து ரன்னரை இறக்கினாள். பட்டறையே கூடி நின்றது. சிவப்பில் ஆறேழு விதம் என்று சொன்னேனே, அதை ஒன்றோடொன்று கரைத்து, படுக்கை அறைப் பக்கம் கருஞ்சிவப்பில் தொடங்கி, வாசல் பக்கம் விடியற்கால வெளுப்பில் முடித்திருந்தாள். சாம்பல் நிறத்தில் நடுப்பாதை. மேஸ்திரி டேப்பைக் கொண்டுவரவில்லை. எல்லோரும் கையை ஓட்டிப் பார்த்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினாலும் படி தெரிந்தது. டிசைன் மாஸ்டர், "என் பேர ஏதாவது மூலைல போட்டிருக்கலாம்" என்றார். அக்கா ரொம்ப நாள் கழித்துச் சத்தமாகச் சிரித்தாள்.

நான் அதைக் கழுவினதுபோல எதையும் கழுவினதில்லை. நான்கு தண்ணீர் மாற்றினேன். கடைசித் தண்ணீர் குடிக்கலாம் போலத் தெளிந்து ஓடியது. சட்டத்தில் இழுத்துக் கட்டி மூன்று நாள் வெயில் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். மாமா சவரம் செய்து, நல்ல சட்டை போட்டு, படுக்கை அறை நிலைப்படியில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். முன்தினமே அக்கா நடைவழியைக் கழுவித் துடைத்திருந்தாள். நான் வாசல் பக்கத்திலிருந்து சுருளை உருட்டிக்கொண்டு வந்தேன். அது திறந்து திறந்து வந்து மாமாவின் கால் முன்னால் நின்றது. ஒரு விரல் கூடவுமில்லை, குறையவுமில்லை.

"வாங்க" என்றாள் அக்கா. "நீங்களே வாங்க."

மாமா ஓரடி வைத்தார். இன்னோர் அடி. மூன்றாவது அடியில் வலது கால் உயர்ந்த ஓரத்தில் ஏறிற்று. நின்றார். தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்பதைப் போல நின்றார்.

"சரி, விரிங்க" என்றார். "நான் எவ்வளவு நேரம் இந்தச் சிமெண்டுத் தரையிலேயே நிக்கிறது?"

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தமாஷ் செய்கிறார் என்று நினைக்க ஆசைப்பட்டேன். அவர் முகத்தில் தமாஷ் இல்லை. காத்துக்கொண்டிருந்தார்.

அக்கா சட்டென்று மண்டியிட்டாள். அவருடைய பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து உயர்ந்த ஓரத்தில் வைத்து அழுத்தினாள். "இது தெரியுதா?"

"எது?"

தாழ்ந்த நடுவுக்கு நகர்த்தினாள். "இது?"

"என்ன பண்றே கீழ?"

பாதத்தைத் தூக்கி, தன் கைப்பெருவிரல் நகத்தை அவர் உள்ளங்காலில் ஊன்றினாள். என்னால் பார்க்க முடியவில்லை. பாதத்தின் ஓரத்தில் ஒரு பழைய கொப்புளம் வெடித்துக் காய்ந்து கறுத்திருந்தது. தார் ரோட்டுடையதாகத்தான் இருக்கும். மாமா காலை இழுத்துக்கொள்ளவில்லை. அக்கா நகத்தை எடுக்கவும் இல்லை. ஆறு மாதம் அங்குலம் அங்குலமாக அளந்தவள், அந்த நடைவழியில் அளக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான், அதை அளக்காமல் விட்டுவிட்டாள். அவளைச் சொல்லி என்ன, துண்டு அவர் கால் மேல் கிடந்தபோது நான் சிரித்தவன். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். கண்ணையே பார்த்துக்கொண்டிருந்த டாக்டரைத் திட்டலாம். திட்டி?

மாமா மெதுவாகக் குனிந்தார். கை தரையைத் தேடி இறங்கியது. கம்பளியில் பட்டதும் அப்படியே நின்றது. அவருடைய உள்ளங்கை ஓரத்திலிருந்து நடுவுக்கு இறங்கி, மறுபடி ஓரத்துக்கு ஏறியது. பிறகு தன் பாதத்துக்கு வந்தது. பாதத்தைத் தடவினார், விரல்களைக் கிள்ளினார், யாருடைய காலையோ தடவுகிற மாதிரி. சர்க்கரை காலையும் மரத்துப்போகச் செய்துவிட்டது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எங்களுக்குச் சொல்ல ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

"விரிச்சுட்டீங்களா" என்றார், கேள்வியாக இல்லாமல்.

"நான் முதல்லயே உங்கள நிக்க வச்சுப் பாத்திருக்கணும்" என்றாள் அக்கா.

"நானும்தான் கைய வச்சு அளவு சொன்னேன்." மாமா மண்டியிட்டார். "இரு. வேலையப் பாக்கலாம்."

கையும் முழங்காலுமாக நகர ஆரம்பித்தார். நெற்றி தரையைத் தொடுகிற மாதிரி குனிந்து, இரண்டு உள்ளங்கையாலும் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு, பதினான்கு அடியையும் தடவிக்கொண்டே போனார். நல்ல சட்டையோடு. "இங்க ஒரு வரிசை இறுக்கி அடிச்சிருக்கே." "அன்னிக்கு உங்களுக்குக் காய்ச்சல்" என்றாள் அக்கா. "ம். இது சமையல்கட்டு." வளையங்களில் கை பட்டதும் நின்றார். மணி எண்ணுவது போல விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "பாத்ரூம்." தலையை இடப்பக்கம் திருப்பினார். கதவு சரியாக அங்கேதான் இருந்தது. அவர் அதைத் தாண்டிப் போனார். வேலையை முழுக்கப் பார்க்காமல் பாதியில் விடுகிறவர் இல்லை.

அக்கா அவர் பின்னாலேயே நடந்தாள், ரன்னரை மிதிக்காமல், சுவரோடு ஒட்டிக்கொண்டு. அந்த நேரத்திலும் அவளால் அதை மிதிக்க முடியவில்லை. கண்ணீர் தாடையில் வந்து நின்றது, துடைக்கவில்லை. நான் அலமாரியில் சாய்ந்துகொண்டு என் பூட்ஸ் இல்லாத காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு எல்லாம் தெரிந்தது. கம்பளியின் சூடு, படி, மூன்று நாள் வெயிலின் மொரமொரப்பு எல்லாம்.

மாமா வாசல் கோடிக்குப் போய்ச் சேர்ந்தார். "ரெண்டு பட்டை. வாசல். சரியா?"

"சரி" என்றாள் அக்கா.

"ஒரு நூல்கூடப் பிசகல." மண்டியிட்டபடியே அந்த இரண்டு பட்டையின் மேலும் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். மூச்சு வாங்கியது. பிறகு முகத்தைத் திருப்பாமல் ஒரு கையை மட்டும் மேலே நீட்டினார்.

"கையக் குடு" என்றார். "பாத்ரூம் போகணும்."